படத்தில் வராத கண்ணாடி

ஏப்ரல் 1, 1998

இன்று முழுக்கப் புளிக்குக் கொட்டை எடுத்தேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். எழுதுகிறவளுக்கு அந்த மரியாதை வேண்டும்.

‘ஊர்ச்சேதி’ மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் என்னுடையது. பதினொரு வருஷமாக என்னுடையது. மேலே ‘உலகம்மாள் பக்கம்’ என்று கட்டம் கட்டிப் போடுவார்கள். கீழே மூன்று பத்தி. நூலகத்தில் எடுத்துப் படித்த ஒரு புத்தகம், டாக்கீஸில் பார்த்த ஒரு படம், மில் மைதானத்தில் நடந்த ஒரு பூப்பந்து ஆட்டம். அஞ்சாம் வகுப்புப் படித்தவள் எழுதுகிறாளே என்று முதலில் வேடிக்கைக்குப் படித்தார்கள். இப்போது பத்திரிகை கைக்கு வந்ததும் திருப்பிப் போட்டுப் பின்னாலிருந்துதான் படிக்கிறார்கள். பேத்தி சங்கரி மதுரைக் காலேஜில் படிக்கிறாள். அவளுடைய ஹாஸ்டல் சுவரில் என் பக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறாளாம். யாராவது இங்கே வந்தால் அதைச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

புத்தகமும் படமும் நானே. ஆட்டத்துக்கு மட்டும் அத்தான் உதவி. அத்தான் என்றால் என் வீட்டுக்காரர். சொந்தத்தில் கட்டியதால் அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது, பெயர் வாயில் வராது. பூப்பந்துக்கு அம்பயராக இருந்தே தலை நரைத்தவர்கள். தனக்கு வேலை இல்லாத நாளில் என் பக்கத்தில் உட்கார்ந்து, யார் எப்படி அடித்தான், ஏன் பிழைத்தது என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்து எழுதுவேன்.

ஏப்ரல் 4

நூலகத்துக்குப் போய்விட்டு வந்தால் வீட்டில் ஜெபமணி. அச்சாபீஸ்காரர், பத்திரிகையும் அவருடையதுதான். எனக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அத்தான் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தாநாள் நடந்த ஆட்டத்தை அத்தான் கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“மதினி, அண்ணாச்சி பேசுததைக் கேட்டீங்களா? கண்ணு முன்னால நடக்க மாதிரி இருக்கு. இந்த மாசம் ஆட்டத்தை அவங்களே எழுதட்டுமே. உங்க பக்கத்துலயே, கீழ ஒரு பத்தி.”

“அவுகளா? அவுக பால்காரன் காலண்டர்ல கோடு போடச் சொன்னாலே என்னைக் கூப்பிடுவாக.”

“பேசுத மாதிரி எழுதினா போதும் மதினி.”

அத்தான் சிரித்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

ஜெபமணிக்குக் காப்பி கொடுத்தேன். சீனி குறைவாகத்தான் போட்டேன்.

ஏப்ரல் 6

அத்தான் எழுதிவிட்டார்கள். காலையில் உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்தார்கள். கோழி கிளறின மாதிரிக் கையெழுத்து. “ஏளா, இதைக் கொஞ்சம் நல்லாப் பாத்து எழுதிக் குடு, ஜெபமணிக்கு வெளங்காது” என்று என்னிடமே தந்தார்கள். என் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, எடுத்த பாதியை என்னையே அழகாக எழுதித் தரச் சொல்கிறார்கள்.

படித்தேன். நாலு வரி சும்மா. யார் முதலில் அடித்தான், எத்தனை பாயிண்டு. அஞ்சாவது வரி இது:

‘தோற்ற பையன் மட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.’

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அந்தப் பையனை நானும் பார்த்தேன். அத்தானுக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். மட்டையைத் துடைத்ததையும் பார்த்தேன். நான் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். ‘சோகமே உருவாகக் காணப்பட்டான்’ என்று எழுதியிருப்பேன். பதினொரு வருஷமாக அப்படித்தான் எழுதி வருகிறேன், தோற்றவர்களையெல்லாம்.

“நல்லாருக்கா?” என்று கேட்டார்கள்.

“பரவாயில்லை. எழுத்துப் பிழை நெறைய இருக்கு” என்றேன்.

ஏப்ரல் 7

அத்தான் எழுதியதை நகல் எடுத்தேன். ஒரு பத்திக்கு இத்தனை வரிதான் என்று கணக்கு உண்டு. கூடிப்போனதால் ஒரு இடத்தில் குறைத்தேன். கடைசியில் பெயர் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். கட்டியவர் பெயரை நான் எப்படி எழுதுவது. அவர்களே கையெழுத்துப் போட்டார்கள், நாக்கைக் கடித்துக்கொண்டு.

கூழ் காய்ச்சி வத்தல் பிழிந்தேன். காக்காய்க்குக் கறுப்புத் துணி கட்டினேன்.

ஏப்ரல் 8

புத்தகப் பத்தி முடிந்தது. இந்த மாதம் எடுத்தது அறுநூறு பக்க நாவல். நானூறோடு நிறுத்தியிருக்கலாம் என்று எழுதினேன்.

படம், போன வாரம் நானும் அத்தானும் பார்த்தது. வேலை போன ஒரு பையன், அப்பா செத்துப்போய், பிறகு முன்னுக்கு வருகிறான். நடிப்பு, பாட்டு, எல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் பத்தி எழும்பவில்லை. உப்பில்லாத மாதிரி கிடந்தது. பிறகு ஒரு வரி சேர்த்தேன்:

‘அப்பாவின் மூக்குக்கண்ணாடியை அவன் துடைத்துக்கொண்டே இருக்கிறான். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.’

அந்தப் படத்துக்கு அப்படி ஒரு காட்சி பொருந்தும். அதை எடுத்தவர்களுக்குத்தான் தோன்றவில்லை.

ஏப்ரல் 13

பத்திரிகை வந்துவிட்டது. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள். தண்ணீர்க் குழாயடியில், அரிசிக் கடையில், நூலகத்தில், எல்லா இடத்திலும் கண்ணாடி. அரிசிக் கடைக்காரர் மனைவி, செத்துப்போன மாமனார் ஞாபகம் வந்து அழுததாகச் சொன்னாள். ஜெபமணி ஆள் அனுப்பிப் பாராட்டினார். சங்கரிக்குத் தபால் பிரதி முன்னாலேயே போய்விடும், அவள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாள். “ஆச்சி! அந்தக் கண்ணாடி ஆச்சி! என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எழுதி வச்சிக்கிட்டாங்க.” பிறகு கேட்டாள், “தாத்தா எழுதினது ஏன் சப்புன்னு இருக்கு?”

“அவுகளுக்கு அவ்வளவுதாம்மா வரும்” என்றேன்.

சாயங்காலம் அத்தான் பத்திரிகையைத் தூரமாகப் பிடித்துப் படித்தார்கள். முதலில் தன் பத்தி. பிறகு என் பத்தி. பிறகு மறுபடியும் தன் பத்தி.

“நான் எழுதினதுல ஒண்ணு காணலையே.”

“இடம் பத்தலை.”

“ம்.” பத்திரிகையை மடித்துக்கொண்டே, “கண்ணாடி எப்ப வந்துச்சு படத்துல?”

“இடைவேளை முடிஞ்சு நீங்க முறுக்கு வாங்க நின்னீங்கள்லா, அப்ப.”

“ம்” என்றார்கள். முறுக்கு வாங்கியது இடைவேளை முடிகிற மணி அடிப்பதற்கு முன்னால். அது எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி, வடை, பாயசம். கோயிலில் இரண்டு பேர் கண்ணாடியைப் பற்றிப் பேசினார்கள். நல்ல நாள்.

ஏப்ரல் 17

நான் எழுதியதைப் படித்துவிட்டு ஊரே கேட்கிறது என்று டாக்கீஸ் முதலாளி அந்தப் படத்தை மறுபடியும் கொண்டு வந்திருக்கிறார். மூன்று நாளைக்கு. போஸ்டரில் ஓரத்தில் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறது: ‘உலகம்மாள் பாராட்டிய படம்.’

அத்தான் பூப்பந்துக்கு எத்தனை வருஷம் அம்பயராக இருந்திருப்பார்கள். சுவரில் அவர்கள் பெயர் வந்ததில்லை. போஸ்டரைப் பார்க்க இரண்டு தடவை அந்தத் தெரு வழியாகப் போனேன். தக்காளி வாங்குகிற சாக்கில்.

ஏப்ரல் 19

டாக்கீஸில் தகராறு.

கண்ணாடிக் காட்சிக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். வரவில்லை. படம் முடிந்ததும், “வெட்டிட்டான்லே, வெட்டிட்டான்” என்று ஒரே கூச்சல். நாற்காலி இரண்டு உடைந்துவிட்டதாம். நேரம் மிச்சம் பிடிக்கப் பாட்டுகளை வெட்டுவது இந்த டாக்கீஸில் உண்டு, அதனால் நம்பிவிட்டார்கள். ஆபரேட்டர் மாசானம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “நான் ஒண்ணும் வெட்டலைய்யா” என்று கத்தியிருக்கிறார். “ஃபிலிமை வெட்டிப் பிள்ளைகளுக்கு வித்துட்டியா வே?” என்று கீழேயிருந்து ஒருத்தன்.

அரிசிக் கடையில் வேறு மாதிரிப் பேச்சு. அப்படி ஒரு காட்சியே கிடையாது, உலகம்மாள் விட்ட கதை என்று. நான் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். அரைக் கிலோ உளுந்து வாங்கினேன். நிறுவையில் கண்ணை வைத்துக்கொண்டே நின்றேன்.

ஏப்ரல் 20

ஜெபமணி வந்து சொன்னார். டீக்கடையில் பெரிய விவாதமாம். காட்சி உண்டு என்று பாதிப் பேர், இல்லை என்று பாதிப் பேர். “பதினோரு வருசமா கிழவி இப்பிடித்தான் அளந்திருக்கும்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அத்தான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு,

“நானும் பாத்தேன். இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னார்களாம். எல்லாரும் அடங்கிவிட்டார்களாம்.

“அண்ணாச்சி சொன்ன பெறகு அப்பீல் ஏது மதினி? கோட்டுல விழுந்த பந்தை ஒரு நாளு மாத்திச் சொன்ன ஆளா அது?” என்று ஜெபமணி சிரித்தார். “உங்க பக்கம் தப்பிச்சது.”

தப்பித்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தானுக்குப் பிடித்த சுண்டவத்தல் குழம்பு வைத்தேன். இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 22

மாசானம் வந்தார். அத்தான் மைதானத்தில் கோடு போடப் போயிருந்தார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் கோடைப் போட்டி, இறுதி ஆட்டத்துக்கு அத்தான்தான் அம்பயர்.

டாக்கீஸுக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். படப்பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது ஃபிலிம் குறைந்தால் தன் தலையில் விழும் என்று முதலாளிக்குப் பயம்.

“ஆச்சி, அது எத்தனாவது ரீல்ல வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? எல்லா டப்பாவையும் கையால ஓட்டிப் பாத்துட்டேன். ஒட்டுப் போட்ட எடமே இல்லை.”

“எனக்கு எப்பிடித் தெரியும், மாசானம்.”

“முதல்ல நான் முதலாளிகிட்ட அடிச்சுச் சொன்னேன் ஆச்சி, அப்பிடி சீனே கெடையாதுன்னு. பெறகு அண்ணாச்சி பாத்தேன்னு சொன்னதாச் சொன்னாங்க. அண்ணாச்சி பாத்திருந்தா அது இருந்திருக்கும். நான்தான் எங்கயோ தொலைச்சிருக்கேன். ஆபரேட்டர் ரூம் ஓட்டையில நின்னு தெனமும் பாத்தும் என் கண்ணுல படலை பாருங்க.”

இருபது வருஷமாகப் படம் ஓட்டுகிறவர். தன் கண்ணை நம்பாமல் அத்தான் வாயை நம்புகிறார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

எனக்காக யாரும் இதுவரை தன் கண்ணை வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஏப்ரல் 23

வத்தல் காய்ந்துவிட்டது. டப்பாவில் போட்டேன்.

ஏப்ரல் 24

கேட்டுவிட்டேன். காலையில் அத்தான் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பேசி மழுப்ப முடியாத நேரம்.

“ஏன் பாத்தேன்னு சொன்னீங்க?”

கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “நீ பந்தை வெளிய அடிச்சிட்டேன்னு ஊரு முன்னால சொல்லச் சொல்லுதியா? ஊருல உள்ளன்னு சொன்னேன். வீட்டுல சொல்லுதேன், வெளிய.”

“எப்பத் தெரியும்?”

“படிச்ச உடனேதான். நான் எழுதின வரில்லா, என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?” கத்தியைக் கழுவினார்கள். “நீ எடுத்ததுல எனக்கு ஒண்ணும் இல்லை ஏளா. ஆனா கண்ணாடியா மாத்தினியே. கண்ணாடின்னா எல்லாரும்தான் தொடைப்பாக. அது மட்டைன்னாத்தான் நல்லாருக்கும்.”

எழுதி ஒரே ஒரு பத்தி. அதற்குள் எனக்குத் திருத்தம் சொல்கிறார்கள். அதுவும் சரியான திருத்தம்.

கோபம் தாங்கவில்லை. துணி துவைத்தேன், துவைத்த துணியை மறுபடியும் துவைத்தேன். எனக்கு முதலில் அவர்கள் வரி மேல் பொறாமை. அது போகட்டும். இப்போது பொய் சொல்லியும் அவர்கள் நல்லவர் ஆகிவிட்டார்கள். நான் சேலை முந்தானைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன். மாசானம் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார். நல்ல வரியும் அவர்களுக்கு, நல்ல மனசும் அவர்களுக்கு என்றால், எனக்கு என்னதான் மிச்சம்?

ஏப்ரல் 25

அச்சாபீஸுக்குப் போனேன். ஜெபமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த வெற்றிலையை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

“பத்திரிகையில போட்டா மே மாசம் பாதி ஆயிரும். மாசானம் அதுவரைக்கும் என்ன செய்வான்? ஒரு நோட்டீஸ் அடிச்சுத் தாங்க” என்றேன்.

“மதினி, அதுக்குப் பெறகு உங்க பக்கம்…”

“தெரியும்.”

“உங்களை விடுங்க. அண்ணாச்சி பாத்தேன்னு சொல்லிட்டாங்களே. இப்ப நீங்க இல்லைன்னு அடிச்சா அவங்க பொய்யன். ஒரு வாரத்துல பைனலு. எவன் அவங்க தீர்ப்பை ஒத்துக்கிடுவான்?”

அதை நான் யோசிக்கவில்லை. என் பக்கத்தைப் பற்றித்தான் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். நாலு தடவை கிழித்தேன். கடைசியில் இது:

‘டாக்கீஸுக்கு வருகிறவர்களுக்கு உலகம்மாள் எழுதுவது. நான் எழுதிய கண்ணாடிக் காட்சி அந்தப் படத்தில் இல்லை. ஆபரேட்டர் மாசானம் ஒரு அங்குலமும் வெட்டவில்லை. அந்த வரி, பூப்பந்தில் தோற்ற ஒரு பையனின் மட்டையைப் பற்றியது. எழுதியவர் ஆறுமுகநயினார். நகல் எடுக்கத் தந்ததை நான் எடுத்துக்கொண்டேன். தானும் பார்த்ததாக அவர் சொன்னது என்னை நம்பிச் சொன்னது. படம் ஓடும்போது அவர் தூங்கிவிட்டார்.’

பெயரை எழுதும்போது பேனா நின்றது. வேறு யாரும் எழுதித் தர மாட்டார்கள். எழுதினேன். வானம் ஒன்றும் இடியவில்லை.

தூங்கியது மட்டும் பொய். அது எனக்காக இல்லை.

ஏப்ரல் 27

நோட்டீஸ் ஊர் முழுக்கப் போய்விட்டது. டாக்கீஸ் வாசலில், டீக்கடையில், மைதானத்துச் சுவரில். மாசானம் நேற்று சாயங்காலக் காட்சிக்கே வேலைக்குப் போய்விட்டார். போகிற வழியில் வாசலில் நின்று, “ஆச்சி, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

குழாயடியில் எனக்கு இடம் விட்டார்கள். பேச்சுக் கொடுக்கவில்லை.

வீட்டில்தான் சண்டை.

“நான் எப்பளா தூங்கினேன்? வாழ்க்கையில ஒரு படத்துல தூங்கியிருக்கேனா? அந்த மூணு மணி நேரப் பக்திப் படத்துலகூட முழிச்சிருந்தேன்!”

“பொய்யன்னு பேரு வாங்குததுக்குத் தூங்குமூஞ்சி பரவாயில்லைல்லா?”

“அம்பயருக்குத் தூங்குமூஞ்சின்னு பேரு வந்தா பரவாயில்லையா? பிள்ளையெல்லாம் குறட்டை விட்டுக் காட்டுதுக!”

ராத்திரி என் பக்கம் திரும்பாமல் படுத்தார்கள். ஆனால் நோட்டீஸ் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததைத் துவைக்கப் போடும்போது பார்த்தேன். அவர்கள் பெயர் அச்சில் பெரிதாக இருந்தது.

ஏப்ரல் 29

ஜெபமணி. காப்பி வேண்டாம் என்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

“மதினி, ஒரு ரெண்டு மூணு மாசம் உங்க பேரு வேண்டாம். ஆறட்டும். பக்கத்தை அண்ணாச்சி எழுதட்டும். எல்லாரும் மட்டை வரியைத்தான் கேக்காக.”

சரி என்றேன். உள்ளே போய் அரிசியில் கல் பொறுக்கினேன். கல் ஒன்றும் இல்லை, ரேஷன் அரிசியும் இல்லை அது. ‘நயினார் பக்கம்.’ எழுத்துக் கட்டம் எப்படி இருக்கும் என்று கண்ணில் வந்து நின்றது. மூன்று பத்தியும். புத்தகம் என்றால் அவர்கள் ரயில் அட்டவணையைத்தான் படித்திருப்பார்கள்.

வாசலில் அத்தான் குரல் கேட்டது.

“எழுத மாட்டேன் வே.”

“என்ன அண்ணாச்சி, பைனலைப் பத்தி நீங்க எழுதாம?”

“பைனலுக்கு நான் அம்பயரு. தீர்ப்புச் சொன்னவன் அதைப் பத்தி எழுதக்கூடாது. அது முறை இல்லை.”

“அப்ப யாரு எழுதுததாம்?”

அத்தான் எனக்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்று முதலில் ஒரு எரிச்சல் வந்தது. பிறகு அந்தக் குரலை யோசித்தேன். இல்லை. அது அம்பயர் குரல்தான். நான் அடுப்படியில் இருப்பதையே மறந்திருந்தார்கள்.

ஜெபமணி கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தார். “ஆட்டம் மட்டும் மதினி. பேரு போட மாட்டேன்.”

“காப்பி குடிக்கியளா?” என்றேன்.

மே 3

இறுதி ஆட்டம். மில் அணியும் திருச்சியிலிருந்து வந்த அணியும்.

பெண்கள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கமும் இடம் காலி. காதோரம் யாரும் சொல்லவில்லை. முதல் ஆட்டம் முழுக்க எனக்கு ஒன்றும் புரியவில்லை. மஞ்சள் நூல் பந்து இங்கேயும் அங்கேயும் போனது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் நான் ஆட்டம் பார்க்கவில்லை, அத்தானைக் கேட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டாவது ஆட்டத்தில்தான் பந்தை விட்டுவிட்டுக் கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அடிக்கப் போகிறவன் கால் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தேன்.

அத்தான் வலைக்குப் பக்கத்தில் முக்காலியில். ஒவ்வொரு தீர்ப்புக்கும் கூட்டத்திலிருந்து ஒரு குரல். “அம்பயரே, முழிச்சிருக்கீயளா?” “தலகாணி வேணுமா அண்ணாச்சி?” ஊரே சிரித்தது. அத்தான் திரும்பவில்லை. என் காது சுட்டது.

மூன்றாவது ஆட்டம். முப்பத்தி நாலுக்கு முப்பத்தி நாலு. இனி ஒரு பாயிண்டு. நம் பையன் ஓங்கி அடித்தான். பந்து கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. கோட்டுக்கு நின்றவர் கையைத் தூக்கவா வேண்டாமா என்று முழித்தார். அத்தான் சொன்னார்கள்.

“வெளிய.”

கூட்டம் எழுந்தது. வாயில் வந்ததையெல்லாம் கத்தினார்கள். நோட்டீஸில் நான் எழுதிய வார்த்தையை எனக்கே திருப்பி எறிந்தார்கள். அரைமணி நேரம் ஆயிற்று அடங்க. கோப்பை திருச்சிக்குப் போனது.

நானும் அத்தானும் நடந்து வந்தோம். கூட யாரும் வரவில்லை. பாலம் தாண்டின பிறகு கேட்டார்கள்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன். வெளியதான்.”

“எவ்வளவு?”

“ரெண்டு விரக்கடை.”

“மூணு” என்றார்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அது.

மே 4

எழுதினேன். கிழித்தேன். ‘சோகமே உருவாக’ என்று கை தானாகப் போனது. அடித்தேன். மத்தியானத்துக்குப் பழைய சோறுதான். அத்தான் தாமே மிளகாய் வத்தல் பொரித்துக்கொண்டார்கள். கருக்கிவிட்டார்கள்.

மே 5

முடித்துவிட்டேன். அத்தானைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். பிழை இருந்தால் சொல்லட்டும் என்று.

கண்ணை மூடிக் கேட்டார்கள். தூங்கவில்லை, கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. கால்களைப் பற்றி எழுதிய இடத்தில் தலையை ஆட்டினார்கள். கடைசிப் பாயிண்டு வந்தது. வாசித்தேன்:

‘ஊரே எழுந்து நின்று கத்தியது. அசையாமல் இருந்தவை இரண்டு. விழுந்த இடத்தில் பந்து, முக்காலியில் அம்பயர்.’

பெருவிரல் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,

“பரவாயில்லை. அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாம்.”

“ஏன் அத்தான்? தப்பா?”

“தப்புன்னு இல்லை. என்னத்துக்கு அது. இல்லாமலே நல்லாருக்கும்.”

“சரி, எடுத்துரட்டுமா?”

“எடுத்துரு.” எழுந்து வாசல் வரைக்கும் போனார்கள். செருப்பைப் போட்டார்கள், கழற்றினார்கள். திரும்பி வந்து, “அதை எப்ப யோசிச்சே? அங்கன உக்காந்திருக்கும்போதேவா, இல்லை வீட்டுல வந்தா?” என்றார்கள்.

“அங்கன வச்சே.”

“ம்.”

அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். உதடு ஒரு பக்கம் இழுத்து, மூக்கு கொஞ்சம் சுருங்கி. யார் முகம் என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் மாதம் முழுக்கக் காலையில் எழுந்து நான் கழுவிக்கொண்டிருந்த முகம்.

வரியை எடுக்கவில்லை. பக்கத்தை மடித்துக்கொண்டு நானே அச்சாபீஸுக்கு நடந்தேன். வெயிலே தெரியவில்லை.